காதக்கா ஊருக்குப் போயிருக்கிறாள்

என் அக்கா செத்துப்போனதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "காதக்கா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவைத்திருந்தார்கள். எந்த ஊருக்கு? யாரோடு? பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள் நான். எனக்குத் தெரியாமல் அவள் எந்த ஊருக்கும் போனதில்லை.

அப்படிச் சொல்லலாம் என்று முடிவெடுத்தது எங்கள் தெருக்காரர்களின் குழு. நல்லவர்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மழை வந்தால் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டிய அரசுப் பள்ளி அது. அதைச் சீர்படுத்த மருந்துக்கடைக்காரர்தான் ஆள் சேர்த்தார். பெயிண்டர் தன் லீவு நாளில் வந்து சுவருக்கு வண்ணம் அடித்தார். குழாய்க்காரர் கழிவறைக் குழாய்களை மாற்றினார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா கணக்குச் சொல்லிக்கொடுத்தார். என் அக்காவுக்கு ஏணி ஏறினால் தலை சுற்றும், கணக்கு என்றாலும் அப்படித்தான். "எனக்கு ரெண்டு காது இருக்கு, அது போதுமா?" என்று கேட்டிருக்கிறாள். போதும் என்றார்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் படிப்பதைக் கேட்பதுதான் அவள் வேலை. பிள்ளைகள் காதக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"சும்மா உக்காந்து கேக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கிண்டல் செய்வேன்.

"நீ ஒரு நாள் உக்காந்து பாருடி. உனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்பாள்.

நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அத்தோடு சரி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் போனபின் வீடு துடைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. நான் அழவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்து டீச்சர் கவுண்டருக்கே வந்து நின்றார்.

"எங்க போகணும்?" என்றேன், நிமிராமல்.

"எங்கயும் இல்லங்க. உங்களைத்தான் பாக்க வந்தேன்."

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பேச்சு திக்குமாம். அக்காவிடம் மட்டும்தான் வாசிப்பாளாம். அக்காவுக்குப் பிறகு யாரிடமும் வாயே திறக்கவில்லையாம்.

"பேச்சே வராத பொண்ணுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம், வீட்டோட இருக்கட்டும்னு அவங்கப்பா சொல்றாருங்க. வெள்ளிக்கிழமை வந்து நிறுத்திடறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அவர் முன்னாடி ஒரு பக்கம் படிச்சுக் காட்டிட்டா அவர் வாயை அடைச்சிடலாம். உங்களுக்கு உங்கக்கா ஜாடை. ஒரு தடவை வந்து பாருங்களேன்." போகிற போக்கில் திரும்பினார். "அவ படிக்கறப்ப வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடுத்துடாதீங்க. எவ்வளவு நேரமானாலும் உங்கக்கா காத்திருப்பாங்க."

மறுநாளே போனேன். கால் உடைந்த பெஞ்சுகளும் சாக்பீஸ் பெட்டிகளும் அடைத்த சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு பாய், அதுதான் அக்காவின் இடம். அந்தப் பெண் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவாளாம். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்து, "த… த… த…" என்றாள்.

"தவளை" என்றேன்.

பழக்கதோஷம். கவுண்டரில் யாரையும் ஊர்ப்பெயரை முடிக்க விட்டதில்லை நான். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். கெஞ்சினேன், கொஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு எழுந்தபோது அவளே கேட்டாள்.

"கா… காதக்கா எப்ப வருவாங்க?"

ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லும்படிதான் மருந்துக்கடைக்காரர் வாசலிலேயே என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பொய் வரவில்லை.

"அவ ஊருக்குப் போகலம்மா. அவ… செ… செ…"

எனக்குத் திக்கியது. அந்த வார்த்தையை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அந்தப் பெண் அவசரப்படவில்லை. கேள்வி கேட்கவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். இந்தப் பொறுமை எங்கள் வீட்டுச் சொத்து. எனக்கு வராமல் இவளுக்குப் போயிருக்கிறது.

"செத்துப்போயிட்டா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தெளிந்தது. சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"அப்ப, நா… நான் திக்கறதால போகலையா? எம்மேல கோ… கோவமில்லையா?"

ஊருக்குப் போயிருக்கிறாள் என்று ஊரே சொன்னால் குழந்தை என்ன நினைக்கும்? தான் திக்கித் திக்கிப் படித்ததைக் கேட்டு அலுத்துப்போய், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறது. மிச்சமிருப்பவர்களும் போய்விடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

"உம்மேல அவளுக்கு என்னடி கோவம்? உயிரோட இருந்தா வராம இருப்பாளா?"

சிரிப்பு அப்படியே நின்றது. நான் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இனிமே வ… வ… வரவே மாட்டாங்களா?"

"மாட்டா."

அவள் அழுதாள். அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நானும் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். சத்தம் கேட்டு மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் போய் உள்ளதைச் சொல்லுங்க, அவ எந்த ஊருக்கும் போகல" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா வந்தார். வெல்டர். பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார். கெட்டவரில்லை, என்னைப்போல அவசரக்காரர். மகள் முதல் வார்த்தையில் நின்றதுமே எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். அந்த ஒரு பக்கம் முடிய நெடுநேரம் ஆனது. ஒரு சொல் விடாமல் படித்தாள். அவர் மகளை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சரி, படிக்கட்டும்" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா, உன் வாயாடி படிச்சிட்டாக்கா!" என்று கூவிக்கொண்டே சமையலறைவரை போய்விட்டேன்.

அங்கே கேட்க ஆளில்லை.