இருபத்து நான்கு துளைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி உடைந்துபோய், அதைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஸ்க்ரூ டப்பாக்களுக்கு நடுவே, இரண்டு விரல் உயரத்தில் ஒரு தகர வட்டம் இருந்தது. விளிம்பைச் சுற்றி ஊசித் துளைகள்.

"இது என்னங்க?"

"அடுப்பு," என்றார் கடைக்காரர், வேலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"கையில வெச்சுப் பாருங்க. எங்க அத்தை இன்னிக்கு உசுரோட இருக்காங்கன்னா, அதாலதான்."

அத்தை என்றது அவருடைய மாமியாரை. அடுப்பு ஒரு தபால் உறையின் எடைகூட இல்லை. அதன் பிறகு கம்பி இறுக்கமாக இருக்கிறது, தளர்வாக இருக்கிறது என்று மாற்றி மாற்றிச் சாக்குச் சொல்லி மூன்று நாள் அந்தக் கடைக்குப் போனேன்.

2

எழுத உட்கார்ந்தேன்.

'மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதலாக—'

பரீட்சைக் கட்டுரை வாடை அடிக்கிறது. விட்டேன்.

'புறப்படும் அன்று காலையில் மாமியார் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு—'

இதையும் விட்டேன். (மாமியார் என்று எழுதிய உடனே என் பேனா தானாகவே ஒரு சிடுமூஞ்சியை வரைந்துவிடுகிறது. நிஜத்தில் அந்த அம்மாள் முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, கரைசல் கலந்து, ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மருமகனிடம் மரியாதை கருதி இன்னும் குறைவாக.)

சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரரின் மனைவி மலை உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்தில் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் கடிதம் வந்தது. 'இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்கப்போகிறேன். நீங்கள் வர வேண்டாம். வந்தால் என் மனசு மாறிவிடும்.'

அந்தக் கடைசி வரியைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். வராதே என்கிறாளா, வா என்கிறாளா? போய்த்தான் பார்ப்பது என்று தீர்மானித்தார். உச்சிக்கு இரண்டு நாள் நடை. முதுகில் சுமை கூடக் கூடக் கால் வலிக்கும். அதனால் எடையே இல்லாத ஓர் அடுப்பைத் தானே செய்வது என்று முடிவெடுத்தார்.

காலி கூல்டிரிங்க்ஸ் டின் இரண்டு. அடிப்பாகத்தை மட்டும் பிளேடால் வெட்டி, ஒன்றை ஒன்றுக்குள் கவிழ்த்துச் செருக வேண்டும். நடுவே, மூன்றாவது டின்னிலிருந்து வெட்டிய பட்டையை வளையமாக நிறுத்த வேண்டும். விளிம்பில் இருபத்து நான்கு துளை. உள்ளே ஸ்பிரிட். மொத்தம் இவ்வளவுதான். அரை மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸ் தேய்க்கிற கை அது. அந்தக் கையிலேயே பதினொரு அடுப்பு வீணாய்ப் போனது. ஒன்று ஒழுகியது. ஒன்று செருகும்போதே கிழிந்தது. ஒன்று பக்கவாட்டில் சீறி அவருடைய இடது புருவத்தைத் தின்றது.

பன்னிரண்டாவது, சமையலறை மேடையில், நடுக்குழியில் சும்மா ஒரு தீயாக நின்றது. பிறகு தன் சூட்டிலேயே தன் ஸ்பிரிட்டைக் கொதிக்கவைத்தது. ஆவி இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஏறியது. ஒரு துளையில் பற்றியது, அடுத்ததில், அதற்கடுத்ததில். சுற்றிலும் நீல இதழ்கள் எழுந்து நின்றன. பம்பு இல்லை, திரி இல்லை, அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. குப்பைத்தொட்டிக்குப் போகவேண்டிய மூன்று டின்!

"வாயப் பொளந்துக்கிட்டு நின்னேங்க," என்றார்.

வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "நானும் வரேன், மாப்பிள்ளை," என்றாராம். கடைக்காரர் அவரைக் கூப்பிடவே இல்லை.

3

இரண்டாம் நாள், உச்சிவெயில். காற்று மட்டும் ஊசியாகக் குத்துகிறது. ஓடையைத் தாண்டும்போது அத்தை வழுக்கி விழுந்தார். கழுத்துவரை நனைந்துவிட்டார்.

(இந்த இடத்தில் 'மலை அவர்களைச் சோதித்தது' என்று எழுதி அடித்தேன். மலைக்கு வேறு வேலை இல்லையா?)

மாற்றுப் புடவையைச் சுற்றிக்கொண்டு, மருமகனின் கம்பளிச் சட்டையையும் போட்டுக்கொண்ட பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. பேச்சு குழறியது. சூடாக எதையாவது உள்ளே இறக்கியாக வேண்டும். மருமகன் ஒரு பாறை ஓரமாக அடுப்பை வைத்து ஸ்பிரிட்டை ஊற்றித் தீக்குச்சி கிழித்தார். பற்றவில்லை. குளிரில் ஸ்பிரிட் மரத்துக் கிடந்தது. அதை மறுபடி புட்டியில் ஊற்றி, புட்டியைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஐந்து நிமிடத்தில் தனக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாதவர்களையும் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

மறுபடி ஊற்றிப் பற்றவைத்தார். குபுக்கென்று ஒரு சத்தம். மேலே தண்ணீர்ப் பாத்திரம். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால் தீயையே காணோம். வெறும் தகரம்.

அணைந்துவிட்டது. பாத்திரத்தைத் தூக்கிவிட்டு, புட்டியைத் திறந்து சாய்க்கப் போனார்.

சரியாகப் பேசக்கூட முடியாத அத்தை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊத்தாதீங்க! எரியுது!"

"எங்க எரியுது, அத்தை? ஒண்ணுமே தெரியலியே!"

"வெயில்ல... தெரியாது."

காய்ந்த புல் ஒன்றைப் பிடுங்கி, நடுங்கும் கையால் அடுப்புக்கு மேலே நீட்டினார். புல்லின் நுனி, ஒன்றுமில்லாத காற்றில், பற்றி எரிந்தது.

புட்டியில் முக்கால்வாசி ஸ்பிரிட் இருந்தது. இன்னும் ஒரு விரல் சாய்த்திருந்தால் இருவர் மேலும் தீ ஏறியிருக்கும். இதைச் சொல்லும்போது கடைக்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தை மழைக்கோட்டை எடுத்து இரண்டு பேர் தலைக்கும் மேலாக விரித்தார். அந்தச் சின்ன நிழலுக்குள் இருபத்து நான்கு இதழ்களும் நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

"முப்பது வருஷம் ஸ்பிரிட் விளக்கு ஏத்தியிருக்கேன், மாப்பிள்ளை," என்றார் அத்தை. "இப்படிப் பாத்ததில்ல."

4

இனி வருவதை நான் சேர்த்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று நானே சந்தேகப்பட்டு, மறுநாள் போய்த் திரும்பவும் கேட்டேன். அப்படித்தான் நடந்ததாம்.

பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றிய பிறகு, மழைக்கோட்டுக்குள், தீயைப் பார்த்தபடியே, அத்தை சொன்னார்:

"அவளை இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு சொன்னது நான்தான். நீ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்னு எங்கம்மா என்னை ஒரு ஊருக்கும் விடல. இவளாவது போன எடத்துல இருக்கட்டும்னு நெனச்சேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

ஒன்றரை வருடத்து எரிச்சல் முழுவதும் தொண்டைவரை வந்ததாம் அவருக்கு. பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"மொதல்ல இதக் குடிங்க, அத்தை," என்றார்.

குடித்தார். இரண்டாவது குவளையில் நடுக்கம் நின்றது. மூன்றாவதை மருமகனுக்கு நீட்டினார். பிறகு இருவரும் எழுந்து நடந்தார்கள். பொழுது சாய்வதற்குள் நிலையத்தின் கதவைத் தட்டினார்கள். மனைவி வந்து திறந்தாள்.

5

இங்கே எனக்கு ஒரு முடிவு தேவை.

அவள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு— (மாமியாரைக் கதையில் சேர்த்ததற்குக் கூலி கொடுக்கிற மாதிரி இருக்கிறது.) அவள் கதவிலேயே நின்று, "வராதீங்கன்னுதானே எழுதினேன்" என்று— (கொடூரம்.) அவர்தான், "ரெண்டு வருஷம் இல்ல, எவ்வளவு நாள் வேணுமோ இரு" என்று— (அவரைப் பெரிய மனிதராக்க எனக்கு ஆசை. அந்த ஆசை என்னுடையது.)

கடைசியில் அவரையே கேட்டேன். "கதவத் தொறந்து என்ன சொன்னாங்க?"

அவர் என் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அதுவரைக்கும் என் கதைங்க. அதுக்கு மேல அவளோடது. அவளக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

"கேட்டுச் சொல்வீங்களா?"

"சாயங்காலம் கேக்கறேன்."

வெளியே வந்து தெருமுனை வரை நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் எப்படிக் கேட்பார்? வீட்டுக்குப் போய், எதிரே உட்கார வைத்துக் கேட்பாரா? இல்லை, போனிலா? உச்சியிலும் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் சிக்னல் கிடைக்கும் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். கடை திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால், நீங்கள் போய்க் கேளுங்கள்.