அண்ணனின் பெட்டிகள்

வெயில் ஏற ஏற, அந்தச் சின்ன விமான நிலையத்தில் எடைக் கணக்கு பார்ப்பவளுக்குத் தலைவலியும் ஏறியது. சூட்டில் காற்று லேசாகிவிடும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும். ஓடுபாதையோ குட்டை. "எண்பது கிலோவாவது இறக்கினாத்தான் கிளம்ப முடியும்" என்றார் விமானி.

முறைப்படி கூடுதல் சுமைதான் முதலில் இறங்க வேண்டும். ஆனால் அது அவளுடைய அண்ணன் புதுக்கடைக்குக் கொண்டுபோகும் பெட்டிகள். "தங்கச்சி இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று அண்ணியிடம் பெருமையடித்துவிட்டு ஏறி உட்கார்ந்திருந்தான். அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தனியாக வந்திருந்த ஒரு பயணியை இறக்கிவிட்டாள்.

"வெயில் அதிகம் சார். இவ்வளவு எடையோட ப்ளேன் எழும்பாது. நாளைக்கு அனுப்பறோம்."

சண்டை போடுவார் என்று நினைத்தாள். "அப்பாவுக்கு இன்னைக்கு ஆபரேஷன்மா. சரி, வெயிலுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய்ப் பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு, அவரை ஏறிக்கொள்ளச் சொன்னாள். ஜன்னல் வழியே அதைப் பார்த்த அண்ணன், "கூடப்பிறந்தவளே காலை வாரிட்டியே!" என்று போனில் கத்தினான்.

அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. விமானத்தில் ஏறப்போன அந்தப் பயணி திரும்பி வந்து, "எனக்காக யார்கிட்டயோ கெஞ்சியிருக்கீங்க போல. மறக்கமாட்டேன்மா" என்றார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவைத்தாள். அப்படி ஆட்டியதை நினைத்து அன்று முழுக்க யார் முகத்தையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.