பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள்

தன் சொந்த வண்டிக்குள் தன் மனைவி வேறொரு ஆணோடு சிரித்துக்கொண்டிருக்க, வெளியே பனியில் நின்று காலை மாற்றி மாற்றி உதறிக்கொண்டிருப்பவனை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று வெண்டல் கோஸ்கெலா யோசித்தான். அந்த ஆணுக்கு மணிக்கு இருநூற்றுப் பத்து டாலர் கொடுப்பவனும் அவனே என்று தெரிந்தால், பெயரோடு ஒரு பட்டத்தையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

அந்த ஆண் வண்டிக்குள் இல்லை. மனைவி கோரினின் செல்போன் திரையில் இருந்தான். பெயர் சோரன் விக். மினியாபொலிஸில் உட்கார்ந்துகொண்டு பாலம், லிஃப்ட், விமானம் என்று எதைக் கண்டாலும் நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு மட்டும் சிகிச்சை தருகிறவன். அவனுடைய லைசென்ஸ் மினசோட்டா மாநிலத்துக்கு மட்டும்தான். வெண்டலும் கோரினும் இருப்பது சுப்பீரியரில், அதாவது விஸ்கான்சினில். கோரின் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தால் சோரன் அவளிடம் சிகிச்சை பேசுவது சட்டப்படி தப்பு. இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள ஏரிப் பாலத்தைத் தாண்டி மினசோட்டாவின் டுலூத் மண்ணில் சக்கரம் பட்டதும் அதே பேச்சு சரியாகிவிடும். ஆகவே செவ்வாய்க்கிழமை தோறும் டுலூத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் பார்க்கிங்தான் அவர்களுடைய ஆஸ்பத்திரி.

இதில் விசேஷம் என்னவென்றால், கோரினின் பயமே அந்தப் பாலம்தான். பாலத்தைப் பார்த்துப் பயப்படுகிறவளுக்கு மருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் கோட்டைத் தலைமேல் போர்த்திக்கொள்வாள், வெண்டல் ஓட்டுவான்.

கடைக்குள் போய்க் கதகதப்பாக நிற்கலாம். முதல் சில வாரம் அப்படித்தான் நின்றான். ஆனால் கடைக்குள் நின்றால் சிரிப்புச் சத்தம் கேட்காது. அதனால் வண்டியின் பின்பக்கம் நின்று, கேட்டுக் கேட்டு வயிறெரிந்து, அந்தச் சூட்டிலேயே குளிர் காய்ந்தான்.

ஐம்பது நிமிஷம் ஆனதும் வண்டியின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு மணி நேரம் என்று பெயர். ஹீட்டர் ரிப்பேருக்குப் போகிற வீட்டில் வெண்டல் அப்படிக் கணக்குச் சொன்னால் ஸ்பேனரைப் பிடுங்கி அவனையே அடிப்பார்கள்.

"உள்ள வா. மூக்கு தக்காளி மாதிரி ஆயிடுச்சு பாரு."

"என்ன அப்படி ஒரு சிரிப்பு?"

"பாலம் உடைஞ்சா என்னென்ன நடக்கும்னு ஒண்ணொண்ணா சொல்லச் சொன்னாரு. நான் முழுகிடுவேன், வெண்டல் மட்டும் மேல வந்து, தண்ணி ஏன் சூடா இல்லன்னு ஏரிக்காரங்ககிட்ட சண்டை போடுவான்னு சொன்னேன். மனுசன் கண்ணாடியக் கழட்டிட்டு சிரிக்கிறாரு."

"அது என்னோட ஜோக்கு."

"ஆமா, உன்னோடதுதான்."

"நான் உனக்கு அத சும்மா சொன்னேன், கோரி. அவன்கிட்ட நீ சொல்றதுக்கு இருநூத்திப் பத்து டாலர் குடுத்துட்டு வர்றோம்."

கோரின் கோட்டைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள். கோட்டுக்குள் அவள் சிரிப்பது தெரிந்தது. அது வெண்டலுக்கான சிரிப்பா, சோரனுக்கான சிரிப்பில் மிச்சமா என்று பாலம் முழுக்க யோசித்துக்கொண்டே ஓட்டினான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் காற்றில்தான் இது ஆரம்பித்தது. டுலூத் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளின் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தாள் கோரின். வேலை முடிந்து வரும்போது பாலத்தின் நடுவில் அவள் கை ஸ்டீயரிங்கோடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். பின்னால் ஹாரன்கள் அலறின. எப்படியோ வந்து சேர்ந்தாள், ஆனால் மறுநாள் போகவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டாள். ஓட்ட ஆளில்லாத அவளுடைய காரை விற்றார்கள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் வெண்டல்தான். "பாலம் தாங்குமா?" என்பாள். "தாங்கும்மா, அத்தனையும் இரும்பு," என்பான். ராத்திரி சாப்பிடும்போது கேட்பாள், பல் தேய்க்கும்போது கேட்பாள். அவனும் பொறுமையாகச் சொல்வான். வெளியே சொல்லக் கூடாத உண்மை ஒன்று உண்டு. அந்த மூன்று வருஷமும் அவனுக்கு நன்றாகவே இருந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவனை யாரும் அவ்வளவு தேடியதில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தன் நெட்வொர்க்கிலிருந்து, அதாவது தான் பணம் கட்டுகிற வைத்தியர்களின் பட்டியலிலிருந்து, ஒரு அம்மாளைக் கொடுத்தது. அந்த அம்மாள் கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொன்னாள். கோரின் நினைத்தாள். கடற்கரையில் ஒரு பாலம் இருந்தது. அதோடு அது முடிந்தது. பிறகு கோரின் தானே தேடிப் பிடித்தவன்தான் சோரன். அவன் எந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கிலும் இல்லை. நேராகக் கார்டிலிருந்து காசு எடுப்பான், ரசீது அனுப்புவான். ரசீதைக் கம்பெனிக்கு அனுப்பினால் கம்பெனி ஒரு வணக்கத்தைத் திருப்பி அனுப்பும்.

அது கூடப் பரவாயில்லை. இரண்டாவது வாரமே அவன் வெண்டலைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டான். தாடிக்காரன், இளவயசு, குரல் தேனில் ஊறியது.

"வெண்டல், அவங்க கேக்கும்போது நீங்க 'தாங்கும்'னு சொல்றீங்க. அன்பாத்தான் சொல்றீங்க. ஆனா அது பயத்துக்குப் போடுற தீனி. அடுத்த தடவ இன்னும் பசியோட வரும். இனிமே கேட்டா 'தெரியாது'ன்னு மட்டும் சொல்லுங்க. முடியுமா?"

"முடியும், முடியும்," என்றான் வெண்டல். ஒரு மனுசனுக்கு வீட்டில் மிச்சமிருந்த ஒரே உத்தியோகத்தையும் பிடுங்கிக்கொண்டு, அதற்கும் ரசீது அனுப்பினான் படுபாவி.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் சோரன் மயம். நெஞ்சு படபடத்தால் படபடக்கட்டும் என்று விடச் சொன்னார் சோரன். வண்டியில் ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்து பழகச் சொன்னார் சோரன். பார்க்கிங்கில் பனியில் நின்ற அந்த நாளுக்குச் சில வாரம் கழித்து, வெண்டலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோரினே பாலத்தில் ஓட்டினாள். அன்று கண்ணை மூடிக்கொண்டவன் வெண்டல்.

ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்க்கும் பர்க் இதையெல்லாம் கேட்டுவிட்டு, சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"டேய், ஊர்ல அவனவன் பொண்டாட்டி இன்னொருத்தன்கூடப் பேசுனா சண்டைக்குப் போவான். நீ ஹீட்டரப் போட்டுக் குடுத்து, பெட்ரோலும் ஊத்தி, வாசல்ல காவலும் நிக்கிற."

"அது வைத்தியம்டா."

"யாரு இல்லேன்னா? மாசம் எவ்வளவு ஆகுது?"

வெண்டல் சொன்னான். பர்க் சிரிப்பை நிறுத்தினான். "கம்பெனி லிஸ்ட்ல இருக்குற எல்லாருக்கும் போன் போடு. இந்த வேலை தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லேன்னு ஆயிடுச்சுன்னா, வெளி ஆளையே உள் ஆளா ஒத்துக்கச் சொல்லிக் கேக்கலாம். என் மச்சினிக்கு அப்படித்தான் கெடைச்சுது."

"ஒருத்தர் இருந்துட்டா?"

"இருந்தா இன்னும் நல்லது. தாடிக்காரனுக்கு டாட்டா காட்டிடலாம்."

வெண்டலின் மனசில் விளக்கெரிந்தது அந்த இரண்டாவது வழிக்குத்தான். வயசான அம்மாவாக இருக்க வேண்டும். நகைச்சுவை உணர்ச்சி துளியும் இருக்கக் கூடாது. மதிய இடைவேளைகளில் வண்டிக்குள் உட்கார்ந்து போன் போட்டான். முதல் நம்பரில் நாய்களுக்கு முடி வெட்டினார்கள். அடுத்தவர் அரிசோனாவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒருத்தர் ஆறு வயசுக்குட்பட்டவர்களை மட்டும் பார்ப்பாராம். வெண்டல் ஒரு கணம் யோசித்துவிட்டு நன்றி சொன்னான். இன்னொருத்தர் செத்துப்போயிருந்தார். போனை எடுத்த அவர் மனைவி, அவர் எவ்வளவு பொறுமையாகக் கேட்பார் என்று அழுதாள். வெண்டல் இடைவேளை முழுக்க உட்கார்ந்து கேட்டான். வைக்கும்போது அவள், "உங்ககிட்ட பேசினது நல்லா இருந்துச்சு. எவ்வளவு வாங்குவீங்க?" என்றாள்.

கடைசியில் ஒருத்தி கிடைத்தாள். ஃபிலிப்பா டார்ன். சுப்பீரியரிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். நெட்வொர்க்கில் இருக்கிறாள், அதனால் ஒரு தடவைக்கு வெறும் முப்பது டாலர். சோரன் செய்கிற அதே சிகிச்சையை அவளும் செய்கிறாள், அடுத்த வாரமே இடமும் இருக்கிறது. குரலில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. வெண்டல் வண்டியின் கூரையில் முட்டுகிற மாதிரி ஒரு குதி குதித்தான்.

சாயங்காலம் புகையில் வாட்டிய மீனும் கோரினுக்குப் பிடித்த ரை தானிய ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனான். பாதிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னான்.

கோரின் மீனில் முள் எடுப்பதை நிறுத்தினாள்.

"இந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம்தான். பாலமே வேண்டாம்."

"முப்பது டாலரா?"

"முப்பதுதான்."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். இந்தச் சில மாதங்களாகக் காணாமல் போயிருந்த அந்தப் பழைய பார்வை வந்திருந்தது. அவன் முகத்தைத் தவிர இந்த உலகத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்கிற பார்வை.

"வெண்டல், அவங்ககிட்ட போனாலும் எனக்குச் சரியாயிடும்தானே? நீ சொல்லு. நீ சொன்னாப் போதும்."

இதற்காகத்தானே அத்தனை பனியில் நின்றான். ஆகும்மா, கண்டிப்பா ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பணம் மிச்சம், தாடி ஒழிந்தது, உத்தியோகம் திரும்பக் கைக்கு வந்துவிடும். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் விரல்கள் மேஜை ஓரத்தைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தான். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற பிடி.

"தெரியலம்மா," என்றான்.

கோரின் மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் தள்ளி வைத்தாள்.

"நெசமாவே தெரியல. அந்த அம்மா நல்லவங்களா இருக்கலாம். ஆனா நான் தேடுனது அதுக்காக இல்ல. பணம் பாதி. மீதிப் பாதி, அவன் உன்னச் சிரிக்க வைக்கிறான். எனக்குப் பத்திட்டு எரியுது."

"பைத்தியம்," என்றாள் கோரின்.

"பைத்தியத்துக்கு நெட்வொர்க்ல ஆள் இருக்கான்னு பாக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். "பழைய சமையலறையில இன்னும் எடம் இருக்குன்னு கூப்பிட்டாங்க. உன்கிட்ட சொல்லல. தனியாப் பாலம் தாண்ட முடிஞ்சா வேலைக்குப் போவேன், சோரனுக்கு நானே குடுத்துக்குவேன். செவ்வாக்கிழம நான் மட்டும் போறேன். முடியலேன்னா உன் டார்ன் அம்மாகிட்ட போயிடுறேன். நம்பரத் தூக்கிப் போட்டுடாத."

செவ்வாய்க்கிழமை அவள் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் வேறு வண்டி இல்லை, பின்னால் போகவும் வழியில்லை. வெண்டல் சமையலறையில் நின்றான், உட்கார்ந்தான், ஒழுகாத குழாயைப் பிரித்து மறுபடி மாட்டினான். போன் அடித்தது.

"வெண்டல், பாலத்துக்கு முன்னாடி பெட்ரோல் பங்க்ல நிக்கிறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஒரு கை ஸ்டீயரிங்க விடவே மாட்டேங்குது. காத்து வேற அடிக்குது."

"சோரன்கிட்ட பேசுனியா?"

"இந்தப் பக்கத்துலேர்ந்து அவரு பேசக் கூடாதே. நீதான் இருக்க." பிறகு அந்தப் பழைய கேள்வி வந்தது. "பாலம் தாங்குமா?"

விஸ்கான்சின் மாநிலம் முழுவதிலும் அவளுக்கு இருந்த ஒரே ஆள் அவன். தாடிக்காரனைச் சட்டமே வாயைக் கட்டிப் போட்டிருந்தது. வெண்டல் குழாய் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தெரியாது, கோரி."

மறுபக்கம் காற்றுச் சத்தம். பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

போய்விட்டாளா, திரும்புகிறாளா, அங்கேயே அழுதுகொண்டு நிற்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. திருப்பிக் கூப்பிடவும் கூடாது. அதுவும் தீனிதான். 'தெரியாது' என்று சொல்லச் சொன்னவனை மனசுக்குள் நிற்க வைத்துத் திட்டினான். சொன்ன தன்னை அதைவிட மோசமாகத் திட்டினான். போன் கீச்சென்றது. பாய்ந்து எடுத்தான். கார்டிலிருந்து இருநூற்றுப் பத்து டாலர் எடுத்துக்கொண்டதாக பேங்க் சொன்னது. அவள் போனாலும் சோரன் எடுப்பான், போகாவிட்டாலும் எடுப்பான். அதிலிருந்து ஒரு துப்பும் கிடைக்காது.

மறுபடி போன் அடித்தது.

"கடை பார்க்கிங்ல நிக்கிறேன்," என்றாள் கோரின். குரல் முழுக்க ஈரம். "நடுவுல ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். அடிச்சுக்கடான்னு விட்டுட்டேன். வெண்டல், இங்க பனி கொட்டுது. அங்க?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். கண்ணில் என்னவோ மறைத்தது, துடைத்துவிட்டுப் பார்த்தான்.

"இங்க இன்னும் இல்ல."

"வந்துடும். சரி வை, நேரமாயிடுச்சு. சோரன் காத்திட்டிருக்காரு, அவருகிட்ட சொல்லணும்."

"என்கிட்டதானே மொதல்ல சொன்ன?"

"உன்கிட்டதான் மொதல்ல."

அவள் வைத்துவிட்டாள். இந்நேரம் சோரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான். வெண்டலுக்கு வயிறு பழையபடி எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, குழாயை மறுபடியும் பிரிக்க ஆரம்பித்தான்.