குறை சொன்னவர்களுக்கு அறை

பழனி அடிவாரத்தில் இருக்கும் அந்த லாட்ஜுக்கு முன்பெல்லாம் ஒரே ஒரு வலைப்பக்கம்தான். மலைக்கோயில் படம், 'வருக வருக', ஒரு போன் நம்பர். பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போவான். பதிலுக்கு ஒரு வார்த்தை பேச அதில் இடம் கிடையாது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று மேனேஜர் பெருமாள்சாமிக்கு அப்போது தெரியவில்லை.

இப்போது வந்துபோகிறவனெல்லாம் இணையத்தில் நட்சத்திரம் போடுகிறான். வெந்நீர் கொஞ்சம் தாமதமானால் போச்சு. மலையில் குரங்கு தேங்காயைப் பிடுங்கியதற்குக்கூட லாட்ஜுக்குத்தான் ஒற்றை நட்சத்திரம்.

"ஸ்டாரு இன்னும் எறங்குச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேனுங்க" என்று முதலாளி பொன்ராஜ் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்தப் பயத்தில், திட்டி எழுதிய ஒருவருக்குப் பெருமாள்சாமி பதில் போட்டார்: "கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவ நம்ம வீடு மாதிரி வந்து தங்கிட்டுப் போங்க, காசெல்லாம் எதுக்குங்க." வாசலில் நின்று யாரிடமும் சொல்கிற உபசார வார்த்தை. அதைப் படித்தவர்களோ வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள். தைப்பூசம் நெருங்க நெருங்கப் புகார்கள் குவிந்தன. எல்லோருக்கும் இலவச அறை வேண்டும். மறுத்தால் இன்னொரு புகார். பதிலை அழித்துவிடலாமென்றால், அதைப் படமெடுத்து வைத்திருந்தார்கள் பாவிகள்.

"குறை எழுதுனவங்களுக்கே மொதல்ல ரூம் குடுங்க, வேற வழியில்ல" என்றார் பொன்ராஜ்.

பூசத்தன்று காலையில், வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் கருப்பம்மாள் தன் கூட்டத்தோடு நடந்தே வந்து சேர்ந்தாள். வருடாவருடம் இங்கேதான் தங்குவாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஹால். அதற்கும் புகார்காரர் ஒருவர் காரில் வந்துகொண்டிருந்தார்.

"ரூம் இல்லீங்க அம்மிணி. குறை எழுதுனவங்களுக்குத்தான்னு முதலாளி உத்தரவு." சொல்லும்போதே பெருமாள்சாமிக்கு வெட்கமாக இருந்தது.

"நாங்க ஒரு குறையும் சொன்னதில்லையேண்ணே."

"அதானுங்க..."

அவள் வீங்கிய காலை மாற்றி ஊன்றிக்கொண்டு, தன் போனை நீட்டினாள். "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது."

மதிப்பு இன்னும் இறங்கினால் வேலை இருக்காது. பெருமாள்சாமி முருகனை நினைத்துக்கொண்டு ஒற்றை நட்சத்திரத்தைத் தொட்டார்.

"குறை என்னன்னு போடட்டுங்க?"

"பழகுனவங்கள மறந்துட்டாங்கன்னு போடுங்க."

அப்படியே அடித்தார். ஹால் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மேசை மேலிருந்த லாட்ஜ் போன் அதிர்ந்தது. புதிய புகார், பதில் எழுதவும் என்றது.