நேந்திரங்காய்க் காப்பகம்

பொன்செல்வி நடத்தும் பிள்ளைகள் காப்பகத்துக்குள் போக வேண்டுமானால், இரண்டு வயதுப் பிள்ளையானாலும் முதலில் கண்ணைக் காட்ட வேண்டும். தென்காசியில் சாரல் தொடங்கியதிலிருந்து அவள் காலையில் கேட் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, சின்ன டார்ச்சோடு உட்கார்ந்துவிடுகிறாள்.

"மேல பாரு. கீழ பாரு. சரி, கையக் கழுவிட்டுப் போ."

அன்றைக்கு ஷாரோனின் மகன் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தான். கண்ணாடி அவன் அப்பாவுடையது. மூக்கில் நிற்காமல் வாய்வரை இறங்கியிருந்தது.

"ஸ்டைலுக்குப் போட்டிருக்கான்க்கா," என்றாள் ஷாரோன்.

"வெயிலைப் பாத்து பத்து நாளாச்சு. இதுல ஸ்டைலா? கழத்து, பாப்போம்."

ஷாரோன் கழற்றினாள். இரண்டு கண்ணும் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தன.

"அக்கா, இன்னைக்கு மட்டும். லாட்ஜ் ஃபுல்லா இருக்கு. ரிசப்ஷன்ல நான் ஒருத்திதான்."

"கண்ணுல தண்ணி வடியுதது நிக்கட்டும், நானே வந்து கூட்டிட்டு வாரேன். மெட்ராஸ் ஐ வந்த பிள்ளைய உள்ள விட்டா மத்த பிள்ளையளுக்கும் வந்திரும்லா? மறைச்சுக் கொண்டாறது தப்பு ஷாரோன்."

ஷாரோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பொன்செல்விக்கும் பாவமாகத்தான் இருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழும் இந்தச் சில வாரங்களில்தான் அவளிடம் பிள்ளைகளை விடும் பெற்றோருக்கு வருஷத்துச் சம்பாத்தியம். லாட்ஜ், பழக்கடை, வேன் என்று ஆளுக்கொரு வேலை. குளிக்க வரும் கூட்டத்தோடு கண்வலியும் வந்து இறங்கிவிடுவதுதான் வினை.

அவளும் செய்யாதது எதுவும் இல்லை. பொம்மைகள் தினமும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் மூழ்கி எழுந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் துண்டு. அடையாளத்துக்கு மூலையில் மீன், குடை, மாங்காய் என்று அவளே பூத்தையல் போட்டிருந்தாள். வேலை நேரத்தில் போனைத் தொட்ட கையால் பிள்ளையைத் தொடக் கூடாது என்று, தன் போனையும் உதவிக்கு இருக்கும் பேராச்சியின் போனையும் மேஜைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இப்படியே போனா என்னையும் அந்த வாளிக்குள்ள முக்கிருவா," என்று பேராச்சி பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆனால் முகம் கழுவி, பவுடர் போட்டு, பொன்செல்வியே தன் கையால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணில் மை எழுதி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்புவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால்கூட, "இது பொன்செல்வி அக்காட்ட வளருத பிள்ளை" என்று கண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

இருந்தும் தினம் காலையில் புதிதாக ஒரு கண் சிவந்துகொண்டே இருந்தது. கடைசியில் பழக்கடை நஸீபா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். திங்கக்கிழமைக்குள்ள நிக்கலைன்னா பிள்ளையள வேற எடத்துல விட வேண்டியதுதான்."

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த காப்பகம். சீசனில் போன பிள்ளைகள் சீசன் முடிந்து திரும்பி வரமாட்டார்கள் என்று பொன்செல்விக்குத் தெரியும்.

பொன்செல்வி எப்போதும் வீட்டில் மற்றவர்கள் எழுமுன்னே காப்பகத்துக்கு வந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை காலை அவள் கணவன் பேச்சிமுத்து, மகள் சண்முகசுந்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"தூங்குதா. அப்படியே உள்ள படுக்கப் போட்டிருதேன்."

"தூங்குத பிள்ளை, டார்ச்சைப் பாத்ததும் ஏன் கண்ணை இறுக்குது?"

சுந்தரி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். சிவப்பு.

"கொசு கடிச்சிருக்கும் பொன்னு."

"கண்ணுக்குள்ளயா?"

"உன் பிள்ளைடி."

"அதனாலதான் முதல்ல திருப்பி அனுப்புதேன். கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. பின்னாலயே வச்சுக்கிடுங்க, யார்ட்டயும் விட்றாதீங்க."

பேச்சிமுத்துவுக்குக் குற்றாலத்தில் சிப்ஸ் கடை. முன்னால் எண்ணெய்ச் சட்டி, பின்னால் நேந்திரங்காய்த் தார்கள் அடுக்கிய அறை. சுந்தரியை அந்த அறையில் விட்டுவிட்டு, சட்டிக்கும் மகளுக்கும் நடுவே ஓடினான்.

நாலு மணிக்கு எட்டிப் பார்த்தபோது உள்ளே காப்பகம் நடந்துகொண்டிருந்தது. சுந்தரி ஒரு முழுத் தாரிலிருந்து காய்களைப் பிய்த்துச் சாக்கின் மேல் வரிசையாகப் படுக்கவைத்திருந்தாள். ஒவ்வொரு காயாகத் தூக்கி டம்ளர் தண்ணீரில் கழுவினாள்.

"கை கழுவாதவங்களுக்குச் சோறு கெடையாது," என்று ஒரு வளைந்த காயை அதட்டினாள். "நீங்க பெரிய பிள்ளை. கடைசில உக்காருங்கப்பா."

அவன் உட்கார்ந்தான். அவள் கல்லாவுக்கு அடியில் கிடந்த ஷூ பாலிஷ் டப்பாவைத் திறந்து, அதில் சுட்டு விரலைத் தொட்டு, முதல் காய்க்குக் கண் எழுதினாள். அதே விரலால் அடுத்த காய்க்கு. அடுத்த காய்க்கு. கடைசியில் தன் கண்ணை ஒரு தரம் கசக்கிவிட்டு, அப்பாவின் கண்ணிலும் இழுத்தாள்.

"அம்மா இப்படித்தான் போடுவாங்களா?"

"ஆமா. எல்லாருக்கும் போடுவாங்க."

"ஒரே விரல்லயா?"

"அம்மாக்கு மை போடுத விரலு ஒண்ணுதான," என்றாள் சுந்தரி.

பேச்சிமுத்து எழுந்து அவசரமாக முகத்தைக் கழுவிவிட்டு மனைவிக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. பேராச்சியின் போனும் அப்படியே. இரண்டும் மேஜைக்குள் பூட்டிக் கிடக்கும் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. கடை வாசலில் கூட்டம். மை போடும் நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தான்.

"என்ன அண்ணாச்சி, சிப்ஸ்?"

"நாளைக்கு வாங்க. பிள்ளைக்குக் கண்ணு சரியில்ல."

ஷட்டரை இறக்கி, மகளை முன்னால் நிறுத்தி, சாரலில் ஸ்கூட்டரை விரட்டினான். கையில் ஒரு காயை விடமாட்டேன் என்று அவள் பிடித்துக்கொண்டே வந்தாள்.

காப்பக வாசலில் தாய்மார்கள் குடையோடு காத்திருந்தார்கள். வராந்தாவில் நஸீபாவின் மகள் மோவாயைத் தூக்கியபடி ஸ்டூலில் இருந்தாள். அவள் கண்ணருகே பொன்செல்வியின் விரல்.

"நில்லு பொன்னு. அந்த விரல அப்படியே நிறுத்து."

"உள்ள வராதீங்க. நோய் உள்ள பிள்ளைய வச்சிருக்கவங்க வெளிய நிக்கணும்னு எழுதிப் போட்டிருக்கேம்லா."

"நான் வரல. நீ வா."

அவள் மை டப்பாவும் கையுமாக கேட்டுக்கு வந்தாள். கம்பி வழியாக சுந்தரி நேந்திரங்காயை நீட்டினாள்.

"அம்மா, என் பிள்ளையளுக்கெல்லாம் நானே மை போட்டேன்."

"ஒரு தாருக்கு," என்றான் பேச்சிமுத்து தணிந்த குரலில். "ஒரே விரலு, ஒரே டப்பா."

பொன்செல்வி சிரிக்கப் போனாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். நுனியில் மை கறுப்பாக, ஈரமாக இருந்தது. துண்டில் போட்ட மீனும் குடையும் மாங்காயும் ஒவ்வொன்றாக அவள் நினைவில் வந்து போயின.

"யாருக்கும் கேக்கல," என்றான் அவன் இன்னும் தணிந்து. "டப்பாவத் தூரப் போட்ரு. தானா நின்னுரும். இப்பப் போய்ச் சொல்லி இருக்கிற பிள்ளையளயும் அனுப்பிறாத."

தாய்மார்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்வரை இறங்கிய அந்தக் கறுப்புக் கண்ணாடி அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மறைச்சுக் கொண்டாறது தப்புன்னு ஷாரோன்ட்ட சொன்னது நான்தானங்க," என்றாள். அப்புறம் குரலை உயர்த்தினாள். "எல்லாரும் ஒரு நிமிஷம் வாங்க. கண்ணு வலி எங்கன இருந்து பரவுதுன்னு தெரிஞ்சு போச்சு. இந்தா, எல்லாருக்கும் மை போட்ட இந்த விரல்ல இருந்துதான்."

விரலைத் தூக்கிக் காட்டினாள்.

முதலில் பேசியது நஸீபா. "என் போன்ல இருக்கிற போட்டோவுல எல்லாம் அந்தக் கண்ணுதான்க்கா அழகே." மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "திங்கக்கிழமைய விடுங்க. நிக்கட்டும், பாப்போம்."

"வாளித் தண்ணி இன்னும் இருக்கு," என்று உள்ளேயிருந்து பேராச்சி சொன்னாள். "விரல முக்குதியா?"

அன்றைக்கு ராத்திரியே ஷாரோனுக்குப் போனில் சொன்னாள் பொன்செல்வி. "அப்போ ஞாயித்துக்கிழமை எனக்குப் பதிலா லாட்ஜுல வந்து உக்காருங்க. நான் பிள்ளையோட இருக்கணும்," என்றாள் ஷாரோன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பொன்செல்வி ரிசப்ஷனில் உட்கார்ந்து சாவி கொடுத்தாள். வந்தவர்கள் கண்ணையெல்லாம் உற்று உற்றுப் பார்த்ததில் ஒருவர் பயந்துபோய் ரூமை மாற்றிக் கேட்டாராம்.

திங்கட்கிழமை கேட்டில் வரிசையாகப் பார்த்தாள். எந்தப் பிள்ளைக்கும் புதிதாகச் சிவக்கவில்லை. கடைசியாக ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார்.

"கழத்துங்க, பாப்போம்."

பேச்சிமுத்து கழற்றினான். இரண்டு கண்ணும் சிவப்பு.

"உன் மகதான் மை போட்டு விட்டா. நான் பெரிய பிள்ளையாம்," என்றான். "உள்ள விடுவியா?"

"யாரா இருந்தாலும் விடமாட்டேன்."

உள்ளே போனவள், கழுவிய கையில் புதுத் துண்டோடும் சொட்டு மருந்தோடும் திரும்பி வந்தாள். துண்டின் மூலையில் மஞ்சள் நூலில் ஒரு நேந்திரங்காய். ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் உட்கார்ந்தே தைத்திருக்கிறாள்.

"நான் கண்ணைக் காட்டுததுக்கு முன்னாலயே தச்சிட்டியே," என்றான்.

"அன்னைக்குக் கேட்டுல நிக்கும்போதே உங்க கண்ணோரம் கறுப்பா இருந்துச்சு. ஸ்டூல்ல உக்காருங்க. மேல பாருங்க."

ஒரு கண்ணில் மருந்தை விட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏட்டி, இன்னொரு கண்ணு?"

"இருங்க," என்று குழாயைத் திறந்தாள் பொன்செல்வி. "கையக் கழுவிட்டு வாரேன்."