பொட்டு வைத்த டப்பா

ஆபீஸே எரிந்தாலும் கணக்கு எரியக் கூடாது என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை. கம்ப்யூட்டரில் உள்ளதை வாரா வாரம் இரண்டு செட் பிளாப்பியில் எடுப்பேன். ஒன்று ஆபீஸ் பீரோவில், மற்றது பருத்திப்பட்டில் என் வீட்டில், பிஸ்கட் டப்பாவுக்குள். "அருள்செல்வி கம்பெனிய பையில போட்டு ஊட்டுக்கு எடுத்துகினு போவுது" என்று பட்டறையே கிண்டலடிக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷ ஆயுத பூஜைக்கு முதலாளி இராமகிருஷ்ணன் அடம்பிடித்தார். "ஸ்பேனருக்குக்கூட பொட்டு வைக்கிறோம். உன் வீட்டு செட் மட்டும் என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"ரெண்டும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது சார்."

"ஒரு நாள்தானே, சாமி பார்த்துக்கும்."

எந்தச் சாமிக்கு பிளாப்பியைப் பற்றித் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவைக் கொண்டுபோய் வைத்தேன்.

முந்தின நாள்தான் முதலாளி கான்ட்ராக்ட் ஆட்களை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். எத்தனை வருஷம் உழைத்தார்கள் என்பதற்கு கம்ப்யூட்டர் வருகைப் பதிவு ஒன்றுதான் சாட்சி. அதை அடுத்த வாரம் லேபர் ஆபீசில் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவன், கேட்டில் நியாயம் கேட்ட கலியமூர்த்தியின் மண்டையை வாட்ச்மேன் உடைத்துவிட்டான். பூஜையில் கற்பூரம் அணையுமுன் மற்ற ஆட்கள் ஜம்புலிங்கம் தலைமையில் இரும்பு ராடுகளோடு உள்ளே புகுந்தார்கள்.

வாட்ச்மேனின் முன்பல் தெறித்தது. முதலாளி அடிவாங்கி வாழைமரத்தோடு சாய்ந்தார். கம்ப்யூட்டரை அடித்து நொறுக்கி, பூஜையில் இருந்த ஆபீஸ் செட்டையும் அதன்மேல் வீசி, தின்னரை ஊற்றிக் கொளுத்தினார்கள். நான் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஜம்புலிங்கத்தின் ராடு என் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"மொதலாளி ஊட்டு பொரி டப்பாவ காப்பாத்துறியா?" டப்பாவை நெருப்புக்குள் எட்டி உதைத்தான்.

"பாவி! உன் எட்டு வருஷமும் எரியுது!" வலியிலும் ஆத்திரத்திலும் கத்தினேன்.

அவன் சிரித்தான். "இன்னா பயங்காட்ற? இன்னொரு செட்டு உன் ஊட்ல பத்திரமா கீது. அந்தத் தைரியத்துலதான் கைய வச்சோம்."

உடையாத கையால் நெருப்பைக் காட்டினேன். "அதான் அது. பொட்டு வைக்கக் கொண்டாந்தேன்."

டப்பா மூடியில் சந்தனம் கருகிக்கொண்டிருந்தது. ஜம்புலிங்கம் ராடைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையை நெருப்புக்குள் விட்டான்.