வளைவுக்கு முப்பது

தண்டவாளத்தில் நடந்து பார்த்து, வண்டி ஓடலாமா கூடாதா என்று அரசுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஆற்றுப் பாலத்துக்கு முந்தைய வளைவில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எந்த வண்டியும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டவளும் அவள்தான்.

அந்தத் தடத்தில் ரயில் ஓட்டிய தங்கை புருஷனுக்கு அது ஒரே கேலி.

"அக்கா, உங்க வளைவுல மாடு என்னை முந்திட்டுப் போகுது."

"மாடு பத்திரமா வீடு போய்ச் சேருதுல்ல? நீங்களும் சேருங்க."

ஐந்து வாரம் கழித்து மேலதிகாரி கூப்பிட்டார். வண்டிகள் தாமதமாவதாக மேலிடத்தில் நச்சரிப்பு. விரிசல் விட்ட தண்டவாளத்தை மாற்றியாகிவிட்டது என்று பராமரிப்புப் பிரிவு எழுதிய தாளை நீட்டினார்.

"நேர்ல பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன் சார்."

"அவங்க எழுதிக் குடுத்திருக்காங்கல்ல? எல்லாத்தையும் நீங்களே தொட்டுப் பாக்கணும்னா எப்பம்மா?"

மகளுக்குக் காய்ச்சல், பள்ளியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். வேகத்துக்குப் போட்ட தடையை நீக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

நான்காம் நாள் காலை அதே வளைவில் வண்டி தடம் புரண்டது. பதினொரு பேர் போனார்கள். வண்டியை ஓட்டிய தங்கை புருஷனும் அதில் ஒருவர். பராமரிப்புப் பிரிவு மாற்றியிருந்தது எதிர்த்தடத்துத் தண்டவாளத்தை; விரிசல் விட்டது அப்படியே கிடந்தது.

"ஓட்டுநர் வேகமா வந்தார்னு முடிச்சிடலாம். செத்தவருக்கு இனி என்ன ஆகப் போகுது?" என்றார் மேலதிகாரி.

விசாரணைக்கு முந்தைய நாள் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை கேட்டாள்: "அவர்தான் எல்லாரையும் கொன்னார்னு பேசுறாங்களே அக்கா. உனக்கு ஏதாவது தெரியுமா?"

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "தடையை எடுத்துட்டாங்கன்னதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'அக்கா பாக்காம எடுத்திருக்க மாட்டாங்க'ன்னார்."

மறுநாள் விசாரணை அறையில் அவள் எழுந்து நின்று, தன் கையெழுத்திலிருந்து மேலதிகாரி பேச்சு வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு வேலை போனது. மேலதிகாரிக்கு இடமாற்றம். ஓட்டுநர் மீது எந்தத் தவறும் இல்லை என்று அறிக்கை வந்தது.

அறிக்கையை அவளே எடுத்துக்கொண்டு போனாள். தங்கை வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள். மகனைக் கூப்பிட்டு அவனுக்கும் படித்துக் காட்டினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஸ்கூல்ல இனி இவனை யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. நீ செஞ்சது பெரிசுதான். ஆனா இங்க வராதே. உன் மேல கோபம்கூட இல்ல. உன்னைப் பாத்தா அவர் நம்பினதுதான் ஞாபகம் வருது. என்னால முடியல."

கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே தங்கை வாய் பொத்தி அழுவது வெளியே கேட்டது. கூடப் பிறந்தவளாக இருந்தும், கதவைத் தட்ட அவளுக்குக் கை எழவில்லை.